ஸ்பிலிட் பின்

ஒருவரின் தொழில்மேல் விழுந்த பழி என்னுடையது. அதை அவர் சுமந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது.

ஓட்டிப்போன பைக் என்னுடையதல்ல. எங்கள் இலை லாரி ஓட்டிய அண்ணனிடம் இரவல் வாங்கியது. ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். டியூப்லெஸ் டயராக இருந்தால் ஆணி குத்தினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், சக்கரத்தைக் கழற்றாமலே ஓட்டையை அடைத்துவிடலாம். டியூப்புக்கு அந்த வசதி கிடையாது. குன்னூரிலிருந்து திரும்பும்போது, கட்டபெட்டுக்குச் சற்று முன்னால் பின்சக்கரம் ஆட ஆரம்பித்தது. ஓரங்கட்டுவதற்குள் டயர் சப்பையாகிவிட்டது.

அந்த நிலையில் வண்டியைத் தள்ளினால் ரிம் கடித்து டியூப் கிழிந்துவிடும். எனவே சக்கரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போகலாம் என்று முடிவெடுத்தேன். முடிவில் தவறில்லை. இந்த வகை வண்டியில் செயினைத் தொடவே வேண்டாம். ஆக்சில் நட்டைக் கழற்றி, ஆக்சிலைத் தட்டி உருவினால் பக்கத்திலிருக்கும் காலர் கையில் விழும். பல்சக்கரம் தனியாக ஒரு நட்டில் நிற்பதால் அதுவும் செயினும் இருந்த இடத்திலேயே இருக்கும். சக்கரத்தை ஒரு பக்கமாக இழுத்தால், அதைப் பல்சக்கரத்தோடு இணைக்கும் ரப்பரிலிருந்து விடுபட்டு வந்துவிடும். அதற்கு முன் பிரேக் ராடு நுனியில் உள்ள நட்டைக் கழற்ற வேண்டும். அதிலிருக்கும் ஸ்பிரிங் புல்லுக்குள் தெறித்து ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, பிரேக் பிளேட்டை வண்டிச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டை.

அந்தப் பட்டைதான் இந்தக் கதை. பிரேக் மிதிக்கும்போது கட்டை டிரம்மைக் கவ்வும். சுற்றுகிற சக்கரம் தன்னோடு பிரேக் பிளேட்டையும் சுற்றப் பார்க்கும். சுற்றவிடாமல் தடுப்பது அந்தப் பட்டை ஒன்றுதான். அதன் போல்ட்டில் நட்டு, நட்டு கழன்று வராமல் இருக்க அதன் குறுக்கே ஒரு ஸ்பிலிட் பின். மலை மழையில் துருப்பிடித்திருந்த அந்தப் பின்னை நான் நிமிர்த்தியபோதே ஒடிந்தது. துண்டுகளைப் பள்ளத்தில் எறிந்தேன்.

சக்கரத்தை மினி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். நாங்கள் சேட்டன் என்று கூப்பிடும் பெரியவரின் கடை. டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழ் வரும் இடத்தைக் கண்டுபிடித்தார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்டுப் போட்டார். டயருக்குள் விரலை ஓடவிட்டு ஆணி நுனியைத் தேடி எடுத்து என்னிடம் காட்டினார். “வண்டி எங்கே? நானே வந்து மாட்டித் தரட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம், எனக்குத் தெரியும் என்றேன்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் மாட்டினேன். பின் இல்லை என்பது எனக்கு நினைவிருந்தது. பெரியவரிடம் ஒன்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்டால் ஒடித்ததைச் சொல்ல வேண்டும். நட்டை இறுக்கமாக முடுக்கிவிட்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வண்டியை ஒப்படைத்தபோது அண்ணன் சக்கரத்தைப் பார்த்து, “யாருப்பா கழட்டி மாட்டினது?” என்றார். “பஞ்சர் கடையிலண்ணே” என்றேன். எங்கே அவர் எல்லா நட்டையும் மறுபடி பார்த்து என் அரைகுறை வேலையைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்து சொன்ன பொய். அவரும் பார்க்கவில்லை. பெரியவர் கை பட்டதென்றால் எங்கள் டிரைவர்கள் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் சாலை மேட்டுப்பாளையத்துச் சமவெளிக்கு இறங்கிவிடும். இந்த இறக்கத்தில் பிரேக் என்றால் உயிர். 1899 முதல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடும் மலை ரயிலில், பல்சக்கரப் பாதையில் ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக்குக்கென்றே ஒரு ஆள் நிற்கிறார். நானோ ஒரு பின் இல்லாமல் அந்த அண்ணனை மலையிறங்க விட்டேன்.

சில வாரங்கள் அந்த நட்டு தாங்கியிருக்கிறது. காரமடையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அவர் பிரேக்கை மிதித்திருக்கிறார். பட்டை விடுபட்டுக் கிடந்தது. பிரேக் பிளேட் சக்கரத்தோடு சுற்றி, ராடு முறுக்கிக்கொண்டு, சக்கரம் இறுகிவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கியதால் உயிர் தப்பினார். அண்ணி அன்று கூடப் போகவில்லை.

கட்டுப் போட்ட கையோடு அவர் பஞ்சர் கடைக்குப் போனபோது நானும் உடன் போனேன். இன்னும் சில டிரைவர்களும் வந்தார்கள். கத்தினார்கள். பெரியவர் டயர் லிவரைக் கீழே வைத்துவிட்டு, “நான் வண்டியைப் பார்க்கவே இல்லை. சக்கரத்தைக் கையில் கொண்டுவந்தார்கள், ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன்” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தார். அண்ணனும் என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. ‘பொய் சொல்கிறான் கிழவன்’ என்று ஒருவர் சொன்னபோதும் திறக்கவில்லை.

பின்னை ஒடித்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை, யாருக்கும் ஒடியும். பின் இல்லாமல் மாட்டியது அபாயகரமான குற்றம். அதைவிடக் கொடியது அந்தக் கடை வாசலில் நான் நின்ற நிலை.

பல வருடம் கழித்து அண்ணனிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், “எங்கிட்ட சொல்லி என்னப்பா, அவர்கிட்ட போய்ச் சொல்லு” என்றார். போனேன். பெரியவரின் மகன்தான் கடையில் இருந்தார். அப்பா பாலக்காட்டுப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்று போன் போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அண்ணனின் கை சரியாகிவிட்டதா என்று விசாரித்தார். அந்தச் சண்டைக்குப் பிறகு ஃபேக்டரி வண்டிகள் வெகுகாலம் தன் கடைக்கு வரவில்லை என்றும் சொன்னார். “அந்த டிரைவர்களிடமும் சொல்லிவிடு” என்றார்.

இலை நிறுக்கும் இடத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். சிலர் வேலையிலிருந்து நின்று மலையிறங்கிப் போய்விட்டார்கள். எங்கே என்று விசாரித்தும் தெரியவில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சக்கரத்தைக் கழற்றியவனும் மாட்டியவனும் நான். சேட்டன் டியூப்புக்கு ஒட்டுப் போட்டதோடு சரி. அந்த ஒட்டு கடைசிவரை விடவில்லை.