வரப்போகும் விளையாட்டும் வாயிலில் நின்ற அண்ணனும்

மழைக்காகக் குடியானவன் காத்திருக்கிறான். சம்பள நாளுக்காகத் தொழிலாளி காத்திருக்கிறான். பரீட்சை முடிவுக்காக மாணவன் காத்திருக்கிறான். நானோ, வயது நாற்பதை நெருங்கிய பின்னும், ஒரு கணினி விளையாட்டுக்காகக் காத்திருக்கிறேன். இதனைக் கேட்டு முதியோர் நகைக்கலாம். நகைத்து முடித்தபின் இக்கட்டுரையைச் சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். நான் சொல்லப் புகுந்தது விளையாட்டைப் பற்றி மட்டுமன்று.

2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இங்கிலாந்து தேசத்துக் கிரியேட்டிவ் அசெம்பிளி என்னும் நிறுவனத்தார் ஓர் அறிவிப்புச் செய்தனர். 'டோட்டல் வார்' என்னும் வரிசையில் 'மெடீவல்' என்று வழங்கும் விளையாட்டின் மூன்றாம் பாகத்தை உருவாக்கத் தொடங்கியுள்ளதாகவும், வேலை இன்னும் முன்னேற்பாட்டு நிலையிலேயே உள்ளதாகவும் அவர்கள் கூறினர். முதற்பாகம் 2002இல் வந்தது. இரண்டாம் பாகம் 2006இல் வந்தது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து மூன்றாவது வரப்போகிறது என்ற சேதி. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆயினும் உறக்கத்தைக் கெடுத்தது விளையாட்டின் ஆசை மட்டுமன்று. அதன் இரண்டாம் பாகத்தோடு பிணைந்து கிடந்த ஒரு முகம்.

அந்த முகம் என் அண்ணனுடையது. நாங்கள் தோட்டத்திலே பிறந்தவர்கள். தந்தையார் பால்மரம் வெட்டியவர். மரங்களை வெட்டித் தள்ளிச் செம்பனை நட்ட பின்னரும் லயத்து வீட்டிலேயே சில காலம் இருந்தோம். அண்ணன் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, சேமித்த பணத்தில் பழைய கணினி ஒன்றை வாங்கி வந்தார். அதில் நாங்கள் முதன்முதலாக ஆடிய பெரிய விளையாட்டு அந்த இரண்டாம் பாகமே.

அறியாதார் பொருட்டு அதன் இயல்பைச் சிறிது சொல்கிறேன். ஐரோப்பாவும், வட ஆப்பிரிக்கக் கரையும், மேற்காசியாவும் அடங்கிய ஒரு பெரும் படம் திரையில் விரியும். காலம் 1080 முதல் 1530 வரை. ஆடுபவர் ஓர் அரசைத் தேர்ந்துகொண்டு நகரங்களைக் கட்டவும், வரி விதிக்கவும், தூதரை அனுப்பவும், படை நடத்தவும் வேண்டும். போப்பாண்டவர் சிலுவைப் போருக்கு அழைப்பார். எதிர்ப்புறத்தார் புனிதப் போர் முழக்குவர். கிழக்கிலிருந்து மங்கோலியர் வருவர். பதினான்காம் நூற்றாண்டிலே கொள்ளைநோய் பரவும். அண்ணன் போர்க்களத்தைப் பார்த்துக்கொள்வார். நான் வரியையும் கட்டடங்களையும் பார்த்துக்கொள்வேன். "படை என் பாடு, கணக்கு உன் பாடு, தம்பி" என்பது எங்கள் உடன்படிக்கை.

ஒருநாள் இரவு தந்தையார் எங்கள் பின்னால் வந்து நின்று திரையை நோக்கினார். ஒரு நகரத்தின் ஏட்டைத் திறந்து வைத்திருந்தேன். குடிமக்கள் தொகை ஓர் எண். வரி நான்கு படிகள். ஊரின் அமைதி நூற்றுக்கு இத்தனை என்று மற்றோர் எண். "இதில் ஊர்ச்சனம் எங்கே?" என்று கேட்டார் தந்தையார். நான் அந்த எண்ணைச் சுட்டிக் காட்டினேன். அவர் சிரித்தார். "செக்ரோல் மாதிரி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அந்தச் சொல் என்னை விட்டு நீங்கவில்லை. விடியலில் பெரட்டுக் களத்தில் நின்று, பெயர் கூப்பிடக் கேட்டு, கிராணியின் ஏட்டிலே ஒரு கோடாக வாழ்ந்தவர் அவர். அரசரைப் பற்றிய விளையாட்டிலே அவர் முதலில் தேடியது குடிகளை. அதன் பிறகுதான் அக்காலத்து மெய்யான சரித்திரத்தைப் படிக்க விழைந்தேன். படித்தபோது அறிந்தது இது: 1347க்கும் 1351க்கும் இடையில் ஐரோப்பாவைத் தாக்கிய கொள்ளைநோய், அக்கண்டத்து மக்களில் மூன்றிலொரு பங்கினரையாவது கொன்றது. எஞ்சியிருந்த உழைப்பாளிகளோ தம் உழைப்பின் அருமையை உணர்ந்து கூலி உயர்த்திக் கேட்டனர். இங்கிலாந்து அரசாங்கம் 1351இல் சட்டம் இயற்றி, நோய்க்கு முந்திய கூலியே போதுமென்று கட்டளையிட்டது. முப்பது ஆண்டுகள் சென்று, தலைவரியின் சுமை தாங்காத குடியானவர்கள் 1381இல் வாட் டைலர் என்பவர் தலைமையில் லண்டன் மாநகரத்துக்குள் புகுந்தனர். டைலர் கொல்லப்பட்டார், கிளர்ச்சி அடக்கப்பட்டது. விளையாட்டிலோ, வரியை ஒரு படி கூட்டினால் 'அமைதி' எண் குறையும். இன்னும் குறைந்தால் கலகம் என்று ஓர் அறிவிப்பு வரும். எண்ணாக இருந்தவன் மனிதனாக எழுந்து நின்ற கதையை அந்த அறிவிப்புச் சொல்லாது. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளுள், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பதும் ஒன்றாயிருந்தது. கூலிக் கணக்கிலே அடங்காத அந்தக் கோரிக்கையை எந்த எண்ணால் எழுதுவது?

நிற்க. அவ்விளையாட்டிலே என்னை மிகவும் கவர்ந்தது அதன் இசை. அதனை அமைத்தவர்களுள் முதன்மையானவர் ஜெஃப் வான் டைக் என்பவர். அரசின் நிலத்துக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ப இசையும் மாறும். படத்தை நோக்கிச் சிந்திக்கும் வேளையில் மெல்லிய தந்தி இசை. படை எதிர்ப்படும் வேளையில் முழவின் அதிர்ச்சி. ஒரு போர்ப்பாட்டுக்குத் 'தபேலாவால் தலையை உடை' என்று பொருள்படும் வேடிக்கையான பெயர். அண்ணன் அதற்குத் தாளம் போட்டு மேசையைத் தட்டுவார். அடுத்த வீட்டார் சுவரைத் தட்டுவர்.

இசையின் சரித்திரத்தைத் துருவிப் பார்த்தபோது எனக்கோர் உண்மை புலப்பட்டது. விளையாட்டின் படத்திலே சிலுவைக்கு ஒரு நிறம், பிறைக்கு ஒரு நிறம். இரண்டிற்கும் இடையே கோடு. ஆனால் வாத்தியங்கள் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. ஐரோப்பிய அரண்மனைகளில் பெருமையுடன் மீட்டப்பெற்ற 'லூட்' என்னும் யாழ், அரபியரின் 'அல் ஊத்' என்பதன் வழிவந்தது; பெயரும் அதிலிருந்தே பிறந்தது. சிலுவை வீரர்கள் எதிரியின் பாசறையிலே கேட்டு அஞ்சிய 'நக்காரா' என்னும் இரட்டை முரசு, பதின்மூன்றாம் நூற்றாண்டிலே 'நேக்கர்' என்ற பெயருடன் அவர்கள் நாட்டிலேயே முழங்கலாயிற்று. நாகூர் தர்காவில் ஒலிக்கும் நகராவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. இரட்டை நாக்குச் சீவாளி கொண்ட ஐரோப்பிய 'ஷாம்' குழலையும் நம் நாகசுரத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், அவை உறவினர் என்பதை ஒப்புக்கொள்வர். காஸ்டீல் நாட்டை 1252 முதல் 1284 வரை ஆண்ட பத்தாம் அல்ஃபோன்சோ என்னும் மன்னனுடைய அவையில் தொகுக்கப்பெற்ற நானூற்றுக்கு மேற்பட்ட பாடல்களின் ஏட்டிலே, கிறிஸ்தவ வாத்தியக்காரனும் முஸ்லிம் வாத்தியக்காரனும் ஒன்றாய் அமர்ந்து வாசிக்கும் சித்திரம் ஒன்று உளது. அவ்விருவருடைய அரசர்களும் அக்காலத்திலே ஒருவர் மீது ஒருவர் படையெடுத்துக் கொண்டிருந்தவர்களே.

இத்தகைய எண்ணங்களை நான் வாலிபர் கூட்டங்களிலே பேசியும் இருக்கிறேன். மனிதனை மனிதன் பிரிக்கும் வேலிகள் செயற்கையானவை என்றும், சாதி என்பது மூடர் கட்டிய சுவர் என்றும் நான் மேடையில் முழங்கியபோது, கைதட்டினவர்களுள் அண்ணனும் ஒருவர். என் சொல்லை அவர் மெய்யென்று நம்பினார். அதுவே பின்னாளில் வந்த துன்பத்துக்கெல்லாம் தோற்றுவாய்.

விளையாட்டிலே அரசகுமாரிகள் உண்டு. அவர்களை வேற்று நாட்டு இளவரசனுக்கு மணமுடித்துக் கொடுத்தால் இரு அரசுகளும் நட்பாகும். ஆங்கிலேயப் பெண்ணை டென்மார்க்குக்கும், பிரெஞ்சுப் பெண்ணை ஹங்கேரிக்கும் நான் எத்தனை முறை அனுப்பியிருப்பேன்! சம்பந்தம் முடிந்தது என்ற செய்தி வந்தவுடன் நானும் அண்ணனும் கைகுலுக்கிக் கொள்வோம். 2013இல் அண்ணன் தாம் விரும்பிய பெண்ணைப் பற்றி வீட்டிலே சொன்னார். அவள் படித்தவள், குணவதி, எங்கள் மொழியே பேசுகிறவள். ஆயினும் அவளுடைய சாதி வேறு. எந்தத் துரையின் ஏட்டிலே எங்கள் இரு குடும்பத்துப் பாட்டன்மாரும் ஒரே வகைக் கூலிகளாக எழுதப்பட்டனரோ, அதே தோட்டத்தின் மண்ணிலே நின்றுகொண்டு, அவர்கள் வேறு நாம் வேறு என்று என் உறவினர் கூறினர். தாயார் அழுதார். தந்தையார் பேச்சை நிறுத்தினார். பெரியப்பா மக்கள் அச்சுறுத்தினர்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். மேடையிலே பேசிய வாய் அன்று திறக்கவில்லை. அவர் தனியே பதிவுத் திருமணம் செய்துகொண்டு பட்டணத்திலே குடியேறினார். கணினியை எனக்கே விட்டுச் சென்றார்.

2016இல் தந்தையார் காலமானார். உறுமி மேளம் முழங்க, ஊர் கூடியிருந்தது. அண்ணனும் அண்ணியும் வந்தனர். அண்ணியை உள்ளே விடலாகாது என்றார் உறவினருள் மூத்தவர் ஒருவர். 'அவள் வராத இடத்தில் நானும் வரேன்' என்று அண்ணன் சொல்லி, வாயிலுக்கு வெளியே, பந்தலின் கடைசிக் கம்பத்தருகே அவளுடன் நின்றார். மூத்த மகன் செய்ய வேண்டியதை நான் செய்தேன். சடங்கிலே எனக்கு நம்பிக்கை இல்லை. அதுவன்று நான் சொல்வது. 'உள்ளே வா அண்ணே, அண்ணியையும் அழைத்து வா' என்னும் சொற்களைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தை நான் செலவிடவில்லை. உறுமியின் ஒலி மட்டும் பந்தலுக்கு உள்ளே இருந்தவருக்கும் வெளியே நின்றவருக்கும் ஒன்றுபோலவே கேட்டது.

அதன் பிறகு நான் அவ்விளையாட்டைத் தொடவில்லை. அதிலே ஒரு நகரத்தைப் பிடித்தவுடன் மூன்று வழிகள் திரையில் தோன்றும்: குடியேறுக, கொள்ளையிடுக, குடிகளைக் கொன்றழிக்க. எதை அழுத்தினாலும் வெற்றிதான். ஒன்றும் அழுத்தாமல் வெறுமனே உட்கார்ந்திருப்பது பாவமில்லை என்று நான் எண்ணியிருந்தேன். அங்ஙனம் உட்கார்ந்திருப்பவனால்தான் வீடுகள் அழிகின்றன என்பது எனக்கு மிகவும் தாமதமாகவே விளங்கியது.

இவ்வாறு ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. அறிவிப்பு வந்த அன்றிரவு, பழைய பாட்டுக்களைத் தேடிக் கேட்டேன். இரண்டாம் பாகத்தின் இசைத் தொகுப்பில் 'நாம் அனைவரும் ஒன்றே' என்று பொருள்படும் தலைப்பையுடைய பாட்டு ஒன்று உளது. ஆட்டத்தை நிறுத்தும்போது அண்ணன் அதனைப் போட்டுவிட்டுத் தேநீர் கலக்கப் போவார். 'நாளைக்கு மீதியை ஆடலாம், தம்பி' என்பார். அந்தப் பாட்டு முடியும் முன்னர் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மூன்றாம் பாகம் வரும் நாளை நிறுவனத்தார்தாம் அறிவிக்க வேண்டும். என் அண்ணன் வீட்டுக்குப் போகும் நாளை நானே அறிவிக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தாயாரை அழைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் அண்ணி. வாயிலில் நிற்கும் முறை இப்போது எங்களுடையது. அண்ணி ஒரு கணமும் தயங்காமல், "உள்ளே வாங்க அத்தை" என்று தாயாரின் கையைப் பற்றினார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லத் தவறியதை அவர் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! தாயார் அழுதார், நானும் அழுதேன்.

அண்ணன் அழவில்லை. மன்னித்தேன் என்றும் அவர் கூறவில்லை. கூறுமாறு கேட்கும் உரிமை எனக்கில்லை. நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர், "மூணாவது வருதாமே, கேள்விப்பட்டியா?" என்றார்.

"கேள்விப்பட்டேன், அண்ணே."

"எப்போதாம்?"

"தேதி சொல்லவில்லை."

"பாட்டு யார் போடுவாங்களோ" என்றார். அவருடைய ஏழு வயது மகள், கால்களை ஆட்டிக்கொண்டு, நாற்காலியின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தாளம் எனக்குத் தெரிந்த தாளம். தன் தகப்பனார் மேசையைத் தட்டக் கேட்டு அவள் பழகியிருக்க வேண்டும்.

இப்பொழுது நாங்கள் இருவரும் காத்திருக்கிறோம். புதிய விளையாட்டிலே குடிகள் எண்ணாகவே இருப்பரோ, முகம் பெறுவரோ. முரசும் யாழும் எவ்வாறு ஒலிக்குமோ. இவற்றைப் பற்றி வாரந்தோறும் பேசுகிறோம். அது வரச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆகட்டும்.

வாசக அன்பர்களே! சீர்திருத்தத்தை நாம் மேடையிலே வளர்த்துவிட்டோம். வீட்டு வாயிலில் அதற்கு இன்னும் வயது போதவில்லை. உங்கள் பந்தலின் கடைசிக் கம்பத்தருகே எவரேனும் நின்றுகொண்டிருந்தால், எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் எழுந்து போய் அழையுங்கள். ஒரு நிமிட வேலை அது. நான் அதற்கு ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன்.