காயத்துக்குள் பிறக்கும் செல்

நாரணாபுரத்திலும் சிவகாசியிலும் தலைக்காயம் பட்டவர்களின் வீடுகளுக்குப் போய் இயன்முறை சிகிச்சை தருகிறேன். எங்கள் ஊர் என்றதும் வெளியூரார் பட்டாசு வெடிவிபத்தைத்தான் நினைப்பார்கள். நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பைக்கிலிருந்து விழுந்தவர்கள். அறுவை முடிந்து மதுரையிலிருந்து வீடு திரும்பிய சில வாரங்களில் குடும்பத்தார் தவறாமல் கேட்பார்கள்.

“தம்பி, ஸ்டெம் செல் ஊசின்னு ஒண்ணு இருக்காமே, போட்டா இவ எந்திரிச்சிருவாளா? நகைய வித்தாவது கட்டிருவோம்.”

ஒற்றை வார்த்தையில் மறுத்துவிட்டுக் கிளம்ப எனக்கு மனம் வராது. உட்கார்ந்து விளக்குவேன்.

வளர்ந்த மூளையில் புது நரம்பணு பிறக்காது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1960களில் ஜோசப் ஆல்ட்மன் எலி மூளையில் அதற்கு மாறான சான்றைக் கண்டார். 1998-ல் எரிக்சன், கேஜ் குழுவினர் மனித மூளையில் நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியிலும் கண்டார்கள். மனிதரில் அது எவ்வளவு நடக்கிறது என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. எலியில் ஐயமில்லை: அடிபட்டதும் நரம்பணுவாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் பெருகுகின்றன, சில காயத்தை நோக்கி நகரவும் செய்கின்றன.

துயரமே அங்கேதான் தொடங்குகிறது. ரத்த ஓட்டம் குறைந்த இடம், அளவுக்கு மீறிக் கொட்டிய குளுட்டமேட் என்ற வேதிப்பொருள், மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா சுரக்கும் அழற்சிப் பொருள்கள். இளம் செல்லால் அதற்குள் பிழைக்க முடிவதில்லை. பக்கவாதம் உண்டாக்கிய எலிகளை ஸ்வீடனின் லண்ட் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2002-ல் எழுதினார்கள்: புதிதாகப் பிறந்த நரம்பணுக்களில் 80 சதவீதத்துக்கு மேல் சில வாரங்களில் மடிந்தன, பக்கவாதத்தில் இறந்துபோன பழைய நரம்பணுக்களில் ஈடுசெய்யப்பட்டவை ஏறத்தாழ 0.2 சதவீதம். தப்பிய ஸ்டெம் செல்களிலும் பல நரம்பணு ஆவதில்லை, ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்லாகித் தழும்போடு சேர்கின்றன. 2003-ல் மிஷெல் மோன்ஜே, கதிர்வீச்சால் பாதித்த எலிகளுக்கு இண்டோமெத்தசின் மருந்து கொடுத்து அழற்சியைத் தணித்தார். நரம்பணுப் பிறப்பு ஓரளவு மீண்டது. செல்லில் குறையில்லை, அது இறங்கும் இடம்தான் அதைக் கொல்கிறது. ஊசியில் செலுத்தும் செல்லும் அதே இடத்தில்தான் பிழைத்தாக வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலும் ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைத்தான் ஏற்கிறது. மற்றதெல்லாம் முறைப்படி பதிவான பரிசோதனையாக மட்டுமே நடக்கலாம். “அண்ணாச்சி, நகைய வைக்காதீங்க. காசு கேட்டா அந்தப் பக்கமே போகாதீங்க” என்று கோபத்தோடுதான் சொல்கிறேன்.

என் தொழிலுக்கு எலி ஆய்வுகள் கற்றுத்தந்தது நேரம் பார்ப்பதை. சக்கரத்தில் ஓடும் எலிக்குப் புது நரம்பணு கூடுகிறது என்று 1999-லேயே தெரிந்தது. ஆனால் தலையில் அடிபட்ட உடனே ஓடவிட்ட எலிகளுக்கு நன்மை இல்லை. இரண்டு வாரம் பொறுத்து ஓடியவற்றில் நரம்பணுவைக் காக்கும் பிடிஎன்எஃப் புரதம் கூடியதாக 2004-ல் கிரீஸ்பாக் குழு காட்டியது. எலிக் கணக்கை மனிதருக்கு அப்படியே போட முடியாது. ஆனாலும் நோயாளி முகம் சுளித்தால், வியர்த்தால், வார்த்தை தடித்தால் நிறுத்திவிடுகிறேன். வீட்டாருக்கு அது சோம்பலாகத் தெரியும். “இன்னும் கொஞ்சம் செய்யச் சொல்லுங்க சார்” என்பார்கள். பகலில் அரைமணி தூங்கவிடுங்கள் என்பேன்.

2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதிக்கும்வரை சரம் பின்னிய அக்கா ஒருவருக்குத் தலைக்காயத்தில் இடது கை இழுத்துக்கொண்டது. ரப்பர் பந்தைக் கொடுத்தால் வெறுப்பாகத் தள்ளிவிடுவார். மருந்து ஏற்றாத காகிதக் குழாய்களில் நூலைத் திரிபோலச் செருகிக் கொடுத்தேன். வலது கை நூலைச் சுழற்றியதும் இடது கட்டைவிரல் தானாகக் குழாயின் அடியைத் தேடி வந்து அழுத்தியது. பந்தைப் பிடிக்காத விரல் அது. புதுச் செல் பிறந்து அது அசையவில்லை. பிழைத்த செல்கள் பழைய வேலையைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்கின்றன என்றே நினைக்கிறேன்.

இப்போது ஒரு சாண் நீளம் பின்னுகிறார். நூல் இடறினால் எறிந்துவிடுவார். அன்றைக்கு அதோடு முடித்துக்கொள்வோம். அடுத்து ஜாக்கெட் கொக்கி மாட்டப் பழக்க வேண்டும்.