முழங்காலும் இரண்டு வட்டங்களும்

அப்பா மரக்காணம் உப்பளங்களில் முப்பது ஆண்டுகள் உப்பு வாரியவர். ஆரோவில்லை ஒட்டிய என் வீட்டுக்கு வந்த பிறகும் மாதம் ஒருமுறை சைக்கிளில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து அளத்தைப் பார்த்துவிட்டு வருவார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாத்தி வரப்பில் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது முழங்கால் நொறுங்கியது. அறுவைக்குப் பின் அது 95 பாகைக்கு மேல் மடங்கவில்லை. நடக்கலாம், நாற்காலியில் உட்காரலாம், சைக்கிள் மட்டும் முடியாது என்றார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளைத் துடைத்துத் திண்ணையில் சாய்த்து வைத்தார். அதன்பின் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

நான் கணிதம் கற்பிப்பவன். ஒருநாள் அவரைச் சீட்டில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டபோது, வகுப்பில் பலமுறை வரைந்த படம் ஒன்று அங்கே அமர்ந்திருப்பதைக் கண்டேன். தொடை ஒரு கோல். முழங்காலிலிருந்து பெடல்வரை இன்னொரு கோல். பெடலைத் தாங்கும் கிராங்க் மூன்றாவது. இடுப்பையும் கிராங்க் அச்சையும் இணைக்கும் அசையாத சட்டம் நான்காவது. ஒரே தளத்தில் இயங்கும் நாற்கோல் பொறி அது.

இத்தகைய பொறி ஏற்கக்கூடிய நிலை ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகக் கொண்டால், எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து ஒரு வடிவமாகும். அதை அமைவுவெளி என்பார்கள். அதன் உருவத்தைக் கோல்களின் நீளமே தீர்மானிக்கிறது. மிகச் சிறிய கோலும் மிகப் பெரிய கோலும் சேர்ந்து மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருந்தால், அமைவுவெளி ஒன்றையொன்று தொடாத இரண்டு வட்டங்கள். அதிகமாக இருந்தால் ஒரே வட்டம். சமமாக இருந்தால் இரண்டு வட்டங்கள் ஒரு புள்ளியில் ஒட்டி எட்டுப் போல ஆகிவிடும். கிராஷோஃப் என்னும் ஜெர்மானியப் பொறியாளரின் பெயரால் அறியப்படும் விதி இது.

டேப்பை எடுத்து அளந்தேன். தொடை 45 செ.மீ., கீழ்க்கால் 50, கிராங்க் 17, இடுப்புக்கும் அச்சுக்கும் இடையே 70. 17ம் 70ம் 87; 45ம் 50ம் 95. ஆகவே இரண்டு வட்டங்கள். ஒன்றில் முழங்கால் முன்னோக்கி மடங்கும். அதில்தான் நாம் வாழ்கிறோம். மற்றொன்றில் பின்னோக்கி மடங்கும். கழுவெளி நீரில் நிற்கும் நாரைகளின் கால் அப்படித்தான் தோன்றும், ஆனால் அங்கே மடங்குவது உண்மையில் கணுக்கால். கோலைக் கழற்றாமல் ஒரு வட்டத்திலிருந்து மற்றதற்குப் போக முடியாது.

அப்பாவின் சிக்கல் வேறு. பெடல் உச்சிக்கு வரும்போது இடுப்புக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் 53 செ.மீ. அதற்கு முழங்கால் 112 பாகை மடங்கவேண்டும். 95க்கு மேல் உள்ள நிலைகள் அனைத்தும் அவருக்கு இல்லாமல் போயின. வட்டத்தின் உச்சி வெட்டுண்டு, மிஞ்சியது ஒரு வில். அதில் முன்னும் பின்னும் ஆடலாம், சுற்றிவர முடியாது. இடத்தியலில் வட்டமும் வில்லும் வேறு வேறு பொருள்கள். அப்பா இழந்தது சில பாகைகள் அல்ல, ஒரு வட்டம்.

முழங்காலை மாற்ற முடியாது, கிராங்கை மாற்றலாம். அதை 10 செ.மீ. ஆக்கி, சீட்டை 7 செ.மீ. உயர்த்தினால், கால் நீளும் தூரம் அதே 87. உச்சியில் 67, முழங்கால் மடங்கவேண்டியது ஏறக்குறைய 90 பாகை மட்டும். வட்டம் மீண்டும் மூடிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் குறைத்தால் போதாது. சீட் உயர்ந்தபின் பழைய கிராங்கில் இடது கால் 94 வரை நீளவேண்டியிருக்கும். 95 என்பது கால் முற்றிலும் நேராகிவிடும் நிலை. இரண்டு வட்டங்களும் ஒட்டிக்கொள்ளும் இடம். அதன் அருகில் எந்த முழங்காலும் போகக்கூடாது.

லேத் பட்டறைக்காரர் இரு கிராங்குகளிலும் புதிய துளை போட்டார். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றுவது என்பதால் அதற்கு மட்டும் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டார்.

கெம்பே என்ற லண்டன் வழக்கறிஞர் 1876இல், எந்த இயற்கணித வளைகோட்டின் பகுதியையும் கோல் பொறியால் வரையலாம் என்று எழுதினார். அவருடைய நிறுவலில் இருந்த ஓட்டையைச் சரிசெய்த கபோவிச், மில்சன் இருவரின் கட்டுரை 2002இல்தான் வெளிவந்தது. ஐந்து சம நீளக் கோல்களை வளையமாகப் பூட்டினால் அமைவுவெளி நான்கு துளைகள் கொண்ட பரப்பாகும் என்பதும் தெரிந்ததே. இவையெல்லாம் எனக்கு அழகாக மட்டுமே இருந்தன, அன்று வரை.

செம்மண் சாலையில் அப்பா பெடலை மிதித்தார். உச்சிக்கு வந்ததும் பழக்கத்தால் பல்லைக் கடித்தார். கால் தாண்டிச் சென்றது. இன்னொருமுறை. திரும்பி வந்து, "சின்னப்புள்ள சைக்கிளு மாதிரி இருக்குடா" என்றார். ஏற்றத்தில் சிரமம் அதிகம். நெம்பும் தூரம் குறைந்ததற்கு அது விலை.

இரண்டு மாதங்களுக்குப் பின் ஒரு விடியலில் திண்ணை காலியாக இருந்தது. மாலையில் வந்தார். கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே உப்பு, இன்னும் ஈரம் காயாதது.