சோனகத் தெருவில் தைத்த நத்தார் உடுப்பு

யாழ்ப்பாணத்துக்கு மார்கழி மழையோடுதான் வரும். பெரியகடையில் வெள்ளம் கணுக்கால்வரை நிற்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, குருநகர்ச் சனம் நத்தார்ச் சாமான் வாங்கப் போகும். எங்களுடையது கடல் தொழில் செய்கிறவர்களின் ஊர். கடைக்குப் போகும் நாளும் வாங்கும் சாமானும் கடல் தந்ததைப் பொறுத்தவை. ஆனால் எந்த ஆண்டிலும் மூன்றைக் கைவிடமாட்டோம்: பிள்ளைகளுக்குப் புது உடுப்பு, கேக்குக்கு ரவையும் சீனியும், பாலன் கூட்டுக்கு மேலே தொங்கவிட ஒரு நட்சத்திரம்.

இந்த மூன்றையும் தேடிப் புறப்பட்டால் நகரம் முழுவதையும் சுற்றி வரவேண்டும். ரவை, சீனி, கஜு, பிளம்ஸ் எல்லாம் பெரியகடைப் பலசரக்குக் கடைகளில். கடைக்கார முதலாளிமார் நெற்றியில் திருநீறும் சந்தனமுமாக இருப்பார்கள். எங்கள் நத்தார் அவர்களுக்கு மனப்பாடம். "எத்தனை முட்டைக் கேக்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மிச்சத்தைத் தாங்களே நிறுத்துக் கட்டித் தருவார்கள். வீட்டில் அடித்த கேக் கலவையைத் தட்டில் ஊற்றிப் பேக்கரிக்குக் கொண்டுபோவோம். பாண் சுட்டு முடிந்த போறணையின் சூட்டில் ஊர்க் கேக்கெல்லாம் வேகும். தட்டு மாறாமலிருக்க ஆளுக்கொரு அடையாளம் வைப்போம். நட்சத்திரத்துக்கு மூங்கிலைச் சீவிக் கட்டி ரிசுத்தாள் ஒட்டுவது பெடியங்களின் வேலை.

உடுப்புத்தான் பெரிய அலுவல். கஸ்தூரியார் வீதியில் துணி வாங்கிக்கொண்டு, முஸ்லிம் சனம் வாழ்ந்த சோனகத் தெருவுக்குப் போவோம். அங்கே ஒரு நானா எங்கள் குடும்பத்துக்கு என் ஐயாவின் காலத்திலிருந்தே தைத்து வந்தார். அளவெடுக்கும்போதே, "தம்பி வளருற பிள்ளை, ரெண்டு அங்குலம் கூட விடுறன்" என்பார். அடுத்த நத்தார்வரை அந்தக் காற்சட்டை எனக்கு அளவாக இருக்கும். 24ஆம் திகதி இரவு, சாமப்பூசைக்கு மணி அடிக்கப் போகிற நேரம்வரை அவருடைய தையல் மெசின் ஓடும். குருநகரில் ஒரு பிள்ளையும் பழைய உடுப்போடு கோவிலுக்குப் போகக்கூடாது என்பதில் எங்கள் அம்மாமாரைவிட அவர்தான் உறுதியாக இருந்தார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. மின்சாரமும் கொழும்பு ரயிலும் நின்றன. ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். நகையும் காசும் பறிக்கப்பட்டன. வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த ஒக்ரோபரில் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் புத்தளத்துக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள்.

சரியாக எட்டுக் கிழமையில் நத்தார் வந்தது. சோனகத் தெருவில் கதவுகள் பூட்டியோ உடைந்தோ கிடந்தன. அந்த ஆண்டு என் உடுப்பை அம்மா கையால் தைத்தா. நானா எங்கே என்று நான் கேட்டபோது வீட்டில் எவரும் வாய் திறக்கவில்லை. பயம் ஒரு காரணம். எங்கள் பாடே பெரும்பாடாக இருந்தது இன்னொரு காரணம்.

அடுத்து வந்த நத்தார்கள் பொருளாதாரத் தடைக்குள் கழிந்தன. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை. பனம்பழம் போட்டுத் தோய்த்த உடுப்போடு பூசைக்குப் போனோம். ஜாம் போத்தலில் திரி போட்டு ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தில் பாலன் கூடு கட்டினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி, மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியைக் கேட்டோம். ஷெல்லுக்குப் பயந்து சாமப்பூசை பகலுக்கு மாறியது. சீனி கிடைத்த வீடு கிடைக்காத வீட்டுக்குக் கொடுத்தது. அந்த நாட்களில் எங்களைத் தாங்கியது அந்தப் பகிர்வுதான். அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பின்பு 1995. அதே ஒக்ரோபர் 30. போர் நெருங்கிவர, வலிகாமத்துச் சனமெல்லாம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. சரியாக ஐந்து ஆண்டுக்கு முன்பு எங்கள் அயலவர் விட்டுப்போன நகரத்தை அதே திகதியில் நாங்களும் விட்டுப்போனோம். அங்கிருந்து வன்னி, கொழும்பு, கடைசியாக ரொறன்ரோ.

போன மார்கழியில்தான் திரும்பிப் போனேன். 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில் மறுபடி யாழ்ப்பாணம்வரை ஓடத் தொடங்கியிருந்தது. அதில் போய் இறங்கினேன். நகரம் நத்தாருக்குத் தயாராக நின்றது. ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் கட்டடம் முழுக்க வெளிச்சம். கடைகளில் பிளாஸ்ரிக் மரங்கள், மின்னும் சீன நட்சத்திரங்கள், பெட்டியில் அடைத்த கேக்குகள். சவுக்கங்கிளை வெட்டி வந்து மரம் நட்ட எங்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் எனக்கு வருத்தமில்லை. இல்லாமை என்றால் என்னவென்று தெரிந்த எவரும் கடை நிறைந்திருப்பதைக் குறை சொல்லமாட்டார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற சனம் இது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நட்சத்திரம் தெரிவு செய்கிற ஒரு தாயைப் பார்க்க மனம் நிறைந்தது.

விடியற்காலையில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கச் சைவச் சனம் திருவெம்பாவை பாடிக்கொண்டு போனது. இரவில் எங்கள் பெடியங்கள் நத்தார் பாப்பாவோடு கரோல் பாடி வீடு வீடாகப் போனார்கள். பயத்தம் பணியாரமும் கேக்கும் வைத்த தட்டு இன்னும் சைவ வீடுகளுக்குப் போகிறது. பொங்கலுக்கு அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. இவ்வளவு அழிவுக்குப் பிறகும் இந்தக் கொடுக்கல் வாங்கல் பிழைத்திருக்கிறது.

சோனகத் தெருவுக்கும் போனேன். ஒஸ்மானியாக் கல்லூரியில் பிள்ளைகள் படிக்கிறார்கள், பள்ளிவாசலில் பாங்கு கேட்கிறது. அதேவேளை கூரையில்லாத சுவர்களும் பற்றை மூடிய வளவுகளும் இன்னும் நிற்கின்றன. போர் முடிந்தபின் பல குடும்பங்கள் திரும்பி வந்தன. குந்தியிருக்க வீடில்லாமல் பலர் மறுபடியும் புத்தளத்துக்கே போய்விட்டார்கள்.

ஒரு சிறிய தையல் கடை திறந்திருந்தது. உள்ளே இருந்தவருக்கு என் வயதிருக்கும். அந்தத் தெருவிலேயே பிறந்து, புத்தளம் முகாமில் வளர்ந்தவர். குருநகர் என்று சொன்னதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். "எங்கட வாப்பாவும் தையல்தான். நத்தாருக்கு முந்தின கிழமை அவர் நித்திரையே கொள்ளமாட்டார்" என்றார். முகாமிலும் மார்கழி வந்தால் குருநகர்ப் பிள்ளைகளுக்கு யார் தைக்கிறார்களோ என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அந்தக் கடைக்காரர் எனக்குத் தைத்த நானாவின் மகனில்லை. இருந்தும் அந்தச் சொல்லைக் கேட்டு நெஞ்சு அடைத்துப் போனது. நாங்கள் வாய் திறக்காமல் இருந்த ஆண்டுகளில் அவர்கள் எங்களை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சாமான்கள் எல்லாம் யாழ்ப்பாணத்துக்கு மீண்டுவிட்டன. மனிதர்கள் முழுவதும் மீளவில்லை. விழாவுக்கு வாங்குகிற பட்டியலில் யார் யாருடைய கை இருக்கிறதோ, அவர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் ஊர். ஒரு கையை வெட்டிவிட்டு அந்த ஊர் முழுமையாக இருக்க முடியாது.

ஆகவே நத்தாருக்கு ஊர் போகிறவர்களிடம் கேட்கிறேன். பெட்டி நிறையத் தைத்த உடுப்புகளைக் கொண்டுபோகாதீர்கள். துணியை வாங்கிச் சோனகத் தெருவில் அளவு கொடுங்கள். கோவில் கட்டவும் விளையாட்டுக் கழகத்துக்கும் அனுப்புகிற காசில் ஒரு பங்கை, திரும்பி வந்தும் கூரையில்லாமல் இருக்கிற குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள். சத்திரத்தில் இடம் கிடைக்காதவரின் பிறப்பைக் கொண்டாடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நத்தார்ச் செலவு இல்லை.

எங்கள் ஆலயங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு ஒக்ரோபர் 30ஆம் திகதியும் இரண்டு வெளியேற்றங்களையும் ஒன்றாகச் சொல்லி மன்றாடுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக் கொடுங்கள். எங்கள் இழப்பை உலகம் கேட்கவேண்டும் என்று இத்தனை ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிற எங்களுக்கு, எங்கள் அயலவரின் இழப்பை நாங்களே முன்வந்து சொல்லும் கடமை உண்டு.