பழவேற்காடு படகு முதல் ஸ்கூபா பை வரை... தண்ணீருக்குப் போகும்முன் எதை எடுத்து வைக்க வேண்டும்?

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் மீஞ்சூர் தாண்டியதும் அனுப்பம்பட்டு. அடுத்த ஸ்டேஷன் பொன்னேரி. அங்கே இறங்கி பஸ் பிடித்தால், சாலை முடியும் இடத்தில் பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கும்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. 'இவ்வளவு தண்ணீர் பக்கத்திலேயே இருக்கே, ஸ்கூபா டைவிங்கை இங்கேயே பண்ணலாமே' என்று பிள்ளைகள் கேட்கலாம். முடியாது. ஏரியின் சராசரி ஆழமே சுமார் ஒரு மீட்டர்தான். பூநாரைகள் நின்றபடியே இரை தேடுகின்றன. இருளர் பெண்கள் தண்ணீரில் அமர்ந்து நகர்ந்தபடி, வெறும் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள்.

ஸ்கூபாவுக்குப் புதுச்சேரி, அந்தமான் மாதிரியான இடங்களுக்குப் போக வேண்டும். ஆனால், அதற்கு எப்படிப் பை கட்டுவது என்பதை இந்தக் கரையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

மோட்டார் இருந்தாலும் துடுப்பு

மீன்பிடிக்கக் கிளம்பும் படகை எட்டிப் பாருங்கள். மோட்டார் இருக்கும், அது நின்றுபோனால் தள்ளிக்கொண்டு வர ஒரு கோலோ துடுப்போ இருக்கும். வலை இருக்கும், கிழிந்தால் தைக்க நூலும் ஊசியும் இருக்கும். கூடவே கயிறு, நங்கூரம், குடிநீர், பாலித்தீன் கவரில் சுற்றிய செல்போன். நடுத்தண்ணீரில் கடை கிடையாது என்பதுதான் கணக்கு.

ஸ்கூபாவிலும் இதே கணக்குதான். பெரிய கருவிகள் அவ்வளவு எளிதில் காலை வாருவதில்லை. மாஸ்க் ஸ்ட்ராப் அறுந்துபோவது மாதிரியான சின்ன விஷயம்தான் அன்றைய டைவையே கெடுத்துவிடும். அதனால், சொந்தக் கருவிகள் வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன டப்பாவில் இவற்றைப் போட்டு வைப்பார்கள்:

* மாஸ்க், ஃபின் இரண்டுக்கும் மாற்று ஸ்ட்ராப்
* சிலிண்டர் வால்வில் காற்று கசியாமல் தடுக்கும் ஓ-ரிங் சில
* வாயில் கடித்துக்கொள்ளும் மவுத்பீஸ், அதை இறுக்க கேபிள் டை
* டைவ் கம்ப்யூட்டருக்கும் டார்ச்சுக்கும் மாற்று பேட்டரி

முதல்முறை போகிறவர்களுக்கு...

இந்த டப்பா தேவையில்லை. கருவிகளைப் பயிற்சி மையமே கொடுத்துவிடும். நீச்சல் உடை, இரண்டு துண்டு, மாற்றுத் துணி, குடிநீர் போதும். கண்ணாடி அணிபவர்கள், பவர் லென்ஸ் மாஸ்க் கிடைக்குமா என்று முன்பே போனில் கேட்டுவிடுவது நல்லது. ஆஸ்துமா, காதுப் பிரச்னை, இதய நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் வேண்டாம். காதுக்குள் அழுத்தம் சமனாகாமல் செவிப்பறை பாதிக்கப்படலாம்.

விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்க்கையும் மாற்று லித்தியம் பேட்டரிகளையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

பையில் வைக்க முடியாத ஸ்பேர் ஒன்றும் உண்டு. அது ஒரு நாள். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். உடனே விமானம் ஏறினால், உயரத்தில் அழுத்தம் குறைந்து அது குமிழிகளாக மாறும் ஆபத்து இருக்கிறது. பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 24 மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. அதனால், திரும்பும் டிக்கெட்டை அந்தக் கடைசி நாளை விட்டே போடுங்கள்.

மஞ்சள் குழாய் யாருக்கு?

ஸ்கூபா வீரரின் உடையில், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இன்னொரு மூச்சுக்குழாய் தொங்கும். கூட நீந்துபவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்காகத்தான் முக்கியமாக அது. தண்ணீருக்குள் எடுத்துச் செல்லும் ஸ்பேர் நமக்கு மட்டுமானதல்ல.

இது பழவேற்காட்டுக்குப் புரியாத விஷயமல்ல. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலாவாக வந்தவர்களின் படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் போன பயணம் அது.

ஏரியோ கடலோ, படகில் கால் வைக்கும்முன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். இந்தச் சவாரிக்கு அனுமதி இருக்கிறதா? எல்லோருக்கும் ஜாக்கெட் இருக்கிறதா? பிறகு தலைகளை எண்ணுங்கள், ஜாக்கெட்டுகளையும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும், குடும்பத்தோடு கரையிலேயே நின்று பூநாரைகளைப் பார்த்துவிட்டு வரலாம். மாலை ரயில் எப்படியும் இருக்கிறது.