புலி வயிற்றுக்குள் ஓர் ஆர்கன்

மன்றோவின் மகனைப் புலி கொன்றதைக் கொண்டாடத் திப்பு சுல்தான் செய்துகொண்ட பொம்மை. அண்ணனூரில் எங்கள் தெருப் பையன் விநாடி வினாவுக்காக இப்படி மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். ஆனாலும் எரிச்சலாக இருந்தது. பகைவன் வீட்டு இழவுக்காக ஒரு மன்னர் இவ்வளவு மெனக்கெடுவாரா?

தீவுத்திடலில் குதிரைமேல் இருக்கும் தாமஸ் மன்றோ அல்ல, இவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ஹெக்டர் மன்றோ. 1780 செப்டம்பரில் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் சக தளபதி பெய்லியின் படையை நொறுக்கியபோது உதவிக்குப் போகாமல் காஞ்சிபுரத்தில் நின்றவர். பிறகு பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அவர் மகனைப் புலி கொன்றது 1792 டிசம்பரில், வங்காளத்துச் சாகர் தீவில். கதை அச்சில் வார்த்ததுபோலப் பொருந்துகிறது. அதுதான் உறுத்தியது.

வெள்ளைக்காரனைப் புலி கவ்வும் அந்தப் பொம்மையின் உள்ளே ஒரு சிறிய ஆர்கன் உண்டு என்பதால், அம்பத்தூரில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் பெரியவரிடம் போனேன். திப்புவைப் பற்றி அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை.

"ரீடா, குழலா?"

"குழல்தான் ஐயா. பதினெட்டு கட்டை, தந்தத்துல."

"துருத்தி?"

"இருக்கு. கைப்பிடியைச் சுத்துனா கீழ கிடக்கிற வெள்ளைக்காரன் கத்துவான், கையும் ஏறி இறங்கும். புலி உறுமும்."

"அதெல்லாம் வேடிக்கை. ஆர்கனை யாரு வாசிச்சா?"

நான் கைமாறிய கணக்கைச் சொல்லப் பார்த்தேன். அவர் விடவில்லை. யார் வாசித்தார்கள் என்று தெரிந்துகொண்டு வா என்று சொல்லிவிட்டுத் துருத்தித் துணியை வெட்டப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியோடு படித்தால் வேறு வரலாறு தெரிகிறது. 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் புலி கிடைத்த இடம் அரண்மனையின் இசைக்கூடம். வெற்றிச் சின்னமாகக் கம்பெனி அதை லண்டனுக்கு அனுப்பியது. 1808இல் லெடன்ஹால் தெருத் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தபோது, வருகிறவர் போகிறவரெல்லாம் கைப்பிடியைச் சுற்றினார்கள். பக்கத்து நூலகத்தில் படிக்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பிற்பாடு அப்போதிருந்த கைப்பிடியே காணாமல் போனது. எடுத்தவர் ஒரு வாசகராக இருந்தால் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. 1858இல் கம்பெனி ஆட்சி போய்ப் புலி அரசின் சொத்தானது. 1880இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதுதான் இன்றைய விக்டோரியா ஆல்பர்ட். இரண்டாம் உலகப் போரில் கூரை இடிந்து விழுந்து துண்டு துண்டாகி, மறுபடி ஒட்டப்பட்டது.

இதையெல்லாம் படிக்கும்போதுதான் ஒரு துப்பாக்கி கண்ணில் பட்டது. திப்புவுக்காகச் செய்தது, காலம் 1787–88. அதன் வெள்ளிப் பூணிலும் புலி ஒரு வெள்ளைக்காரனைக் கவ்வி நிற்கிறது. சாகர் தீவுச் சாவுக்கு நாலைந்து ஆண்டு முந்தியது! புலி திப்புவின் சின்னம்; சிம்மாசனத்திலும் புலிதான். அவருக்கு மன்றோவின் மகன் தேவைப்பட்டிருக்கவில்லை.

லண்டன் போகிறவர்கள் இப்போதும் பார்க்கலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதால் கைப்பிடியைச் சுற்றத்தான் முடியாது.