நா விறைக்கும் மிளகின் நாடு

சீன தேசத்தின் தென்மேற்குப் பாகத்திலே, நாற்புறமும் மலைகள் அரணாகச் சூழ்ந்திருக்க, நடுவே பள்ளமாய் அமைந்து கிடப்பது சிச்சுவான் மாகாணம். அதன் தலைநகர் செங்டு. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே லீ பிங் என்னும் ஆளுநர் மின் ஆற்றைப் பிரித்து அமைத்த நீர்ப்பாசனத் திட்டம் இன்றும் அச் சமவெளிக்கு நீரூட்டி வருகின்றது. வளத்துக்கு அங்கே குறைவில்லை; வெயிலுக்குத்தான் குறைவு. மூடுபனியும் ஈரக் காற்றும் ஆண்டு முழுவதும் நகரைப் போர்த்தியிருக்கும். சூரியனைக் கண்டால் சிச்சுவான் நாய்கள் குரைக்கும் என்பது சீனரின் பழமொழி. உடலிற் சேரும் ஈரத்தை ஓட்டுவதற்கு உறைப்பு வேண்டும் என்பது அம் மக்களின் வைத்தியக் கொள்கை. ஆதலால், அந்நாட்டுச் சமையலைக் காணச் சென்ற நாம் முதலில் அறிய விரும்பியது அவர்களுடைய மிளகைப் பற்றியேயாம்.

மிளகு என்று நாம் சொன்னாலும், அது நமது மிளகன்று. சீன மொழியில் அதன் பெயர் 'ஹுவாஜியாவோ'. பூ மிளகு என்பது பொருள். பழங்காலத்தில் 'ஜியாவோ' என்ற சொல் இதனை மட்டுமே குறித்தது. பின்னர் பாரத நாட்டிலிருந்து கறுப்பு மிளகு சென்றபோது, அதனை 'ஹுஜியாவோ', அதாவது அந்நியர் மிளகு, என்றனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கண்டத்துக்குரிய மிளகாய் சீனாவை அடைந்தபோது, அதற்கு 'லாஜியாவோ', உறைப்பு மிளகு, என்று பெயர் வைத்தனர். நம் முன்னோரும் இதனையே செய்தனரல்லவா? புதிதாக வந்த காயை மிளகோடு சேர்த்து 'மிளகாய்' என்றனர். மூன்று மிளகுகளும் மூன்று வேறு குடும்பத்தன. பெயரால் மட்டுமே உறவினர்.

பூ மிளகு நாரத்தையும் எலுமிச்சையும் பிறந்த தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. நமது முற்றத்துக் கறிவேப்பிலையும், கோயில் வில்வமும், விளாவும் அதே குடும்பம்தான். ஆகவே அதன் வாசனையில் எலுமிச்சைத் தோலின் மணம் வீசுவதில் வியப்பில்லை. சுவைதான் வியப்புக்குரியது. ஒரு தோலை வாயிலிட்டு மென்றால், சில நொடிகளில் உதடும் நாவும் துடிதுடித்து, பின் விறைத்துப்போகும். இதற்குக் காரணம் 'சான்சூல்' என்னும் பொருள். 2013ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் இதனை அளந்து பார்த்தனர். உதட்டில் உணரப்படும் துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வுகளுக்கு ஒப்பானது எனக் கண்டனர். நம் வீட்டு மின்னோட்டத்தின் வேகமும் நொடிக்கு 50 சுற்றுத்தான் என்பதை மாணவ நேயர்கள் அறிவர். மின்கலத்தில் நாவை வைத்தாற்போன்றது இச் சுவை என்று பலர் கூறுவது பொருத்தமே.

இம் மிளகிற் சிறந்தது ஹான்யுவான் என்னும் மலைப் பிரதேசத்தில் விளைவது. முற்காலத்தில் அது சக்கரவர்த்திகளுக்குத் திறையாகச் சென்றமையால் 'திறை மிளகு' என்றும் பெயர் பெற்றது. செங்டுவிலிருந்து மோட்டார் வண்டியில் புறப்பட்ட நாம், ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நீளமான சுரங்க வழியொன்றினூடே மலையைக் கடந்தோம். புகும்போது மழைத்தூறல்; வெளிவந்தபோது பளிச்சென்ற வெயில்! அந்த வெயிலிலேதான் மிளகு சிவக்கின்றது. மரங்கள் ஆளுயரமே இருப்பினும் கிளையெல்லாம் முள். கொத்துக் கொத்தாய்ப் பழுத்த சிறு காய்களைப் பெண்கள் முள்ளுக்கிடையே விரல் நுழைத்துக் கொய்கின்றனர். பறித்தவற்றைப் பாயிற் பரப்பினால், காய்ந்து வாய் பிளந்து கறுப்பு விதையை உதிர்க்கும். விதை மணலைப்போற் பல்லிற் கடிபடும், சுவையற்றது. தோலே சரக்கு.

அந்த மலைச்சரிவிலிருந்து கீழே நோக்கினால் பரந்த நீர்ப்பரப்பொன்று தெரியும். அது இயற்கை ஏரியன்று. தாது ஆற்றை மறித்துக் கட்டிய பூபுகோ அணையின் நீர்த்தேக்கம். பழைய ஹான்யுவான் பட்டினம் அதன் அடியிலே கிடக்கின்றது. 2004ஆம் ஆண்டிலே பல்லாயிரம் மக்கள் அணைக்கு எதிராகத் திரண்டனர். ஆயினும் வேலை நிற்கவில்லை. ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் வீட்டையும் வயலையும் விட்டுப் பெயர்ந்தனர். சிலர் மேட்டில் எழுந்த புதுப் பட்டினத்திற் குடியேறினர். சிலர் தொலைவிடங்களுக்குச் சென்றனர்.

அவ்வாறு பெயர்ந்து, செங்டுவில் மாடிக் குடியிருப்பொன்றில் வாழும் முதிய அம்மையார் ஒருவரே எமக்கு அன்று மாலை உணவளித்தவர். அவருடைய சிறிய அடுக்களையிலே மிளகெண்ணெய் தயாராவதை அருகிருந்து பார்த்தோம். நான்கு மேசைக்கரண்டி மிளகைத் துப்புரவாக்கி, சிறிது நீர் தெளித்துப் பிசறி, மட்பாத்திரத்தில் இட்டார். கடுகின் இனத்ததான ஒரு வித்தின் எண்ணெயை ஒரு கோப்பை அளவு தாச்சியிற் புகை எழக் காய்ச்சி இறக்கினார். உடனே ஊற்றவில்லை; சற்றுச் சூடு தணியக் காத்திருந்தார். "மிளகு கறுத்தால் கைக்கும். பிறகு அதை எவராலும் திருத்த முடியாது," என்று அவர் கூறியதாக உடன் வந்த நண்பர் மொழிபெயர்த்தார். சான்சூல் நீரிற் கரைவது அரிது. எண்ணெயில் எளிதிற் கரையும். அதனாலேயே மணமும் விறைப்பும் எண்ணெயிற் குடிகொள்கின்றன. எண்ணெயை ஊற்றி மூடி, ஆறியபின் வடித்துப் போத்தலில் அடைத்தார்.

நூடில்ஸ் செய்யும் முறையோ மிக எளிது. குழம்பை அடுப்பிற் காய்ச்சுவதில்லை. ஒவ்வொருவர் கோப்பையிலும் முதலில் சோயாச் சாறு, சிறிது வினாகிரி, அரைத்த எள், நசுக்கிய உள்ளி, மிளகாயெண்ணெய் ஆகியவற்றை இட்டு, மிளகெண்ணெயில் ஒரு தேக்கரண்டி சேர்த்தார். கொதிநீரில் வெந்த கோதுமை நூடில்ஸை, அந்த நீரில் இரண்டு கரண்டியோடு அதன்மேல் இட்டு, வெண்காயத் தாளும் வறுத்த கச்சானும் தூவினார். அடியிலிருந்து கிளறி உடனே உண்ண வேண்டும். ஆறினால் நூடில்ஸ் ஒட்டிக்கொள்ளும். முதற் கவளத்தில் உறைப்பு எழுந்தது. இரண்டாவதில் உதடு துடித்தது. பின்னர் உறைப்பின் கூர்மை மழுங்கி, எள்ளின் இனிமை தெரிந்தது. விறைப்பும் உறைப்பும் கூடிய இச் சுவையையே 'மாலா' என்பர்.

இவ்வுணவு தெருவிற் பிறந்தது. 'தான்தான் நூடில்ஸ்' என்னும் புகழ்பெற்ற வகையின் பெயர் காவுதடியைக் குறிக்கும். தடியின் ஒரு தலைப்பில் அடுப்பும் பானையும், மறு தலைப்பில் கோப்பைகளும் சரக்கும் தொங்க, வியாபாரிகள் தெருத்தெருவாய்க் கூவி விற்றனர். இன்று காவுதடி தெருவை விட்டு மறைந்து, அதன் உணவு கடைகளிலும் வீட்டு அடுக்களைகளிலும் தங்கிவிட்டது.

அம்மையார் அன்று வடித்த எண்ணெய் இரண்டு போத்தல். ஒன்று வீட்டுக்கு, மற்றையது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீற்றருக்கு அப்பால் ஷென்ஸென் நகரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகனுக்கு. அப் பகுதியார் உறைப்பை விரும்பாதவர். ஊரிலிருந்து வரும் மிளகிலேயே எண்ணெய் வடித்து, மகன் புகைவண்டி ஏறும்போதெல்லாம் கொடுத்தனுப்புவதாக அவர் சொன்னார். "வீடு தண்ணீருக்குள் போய்விட்டது, மரம் மேட்டில் இருந்தபடியால் தப்பியது," என்றார். கனடாவுக்கும் இலண்டனுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வறுத்திடித்த மிளகாய்த்தூளைப் பொதி செய்யும் எமது தாய்மாருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

சீன உணவுச் சரக்கு விற்கும் கடைகளில் இம் மிளகு கிடைத்தால், நேயர்களும் வீட்டிலே செய்து பார்க்கலாம். சிவப்பு நிறமும் பிளந்த வாயும் உடையதாய்ப் பார்த்து வாங்குக. விதை மிகுந்ததை விலக்குக. சிறுவர்க்கு முதன்முறை அரைத் தேக்கரண்டி எண்ணெயே போதும். உதடு துடிக்கையில் அவர்கள் அஞ்சாதிருக்க, இது தானே தணியும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நன்று.